ஹைதராபாத் எச்சரிக்கை தெற்குத் தெருவுக்குக் கேட்குமா?

26 டிசம்பர் 2024, இரவு

நேற்று ஒருவர் எழுப்பிய கேள்வியை முதலில் அப்படியே எடுத்து வைக்கிறேன். "சுனாமி வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஐ.நா. மாநாடு, பன்னாட்டு உடன்படிக்கை, எச்சரிக்கை மையம் என்று கோடி கோடியாகச் செலவழித்துவிட்டார்கள். அன்று நம்மைத் தூக்கிக் கரைசேர்த்தவன் பக்கத்து வீட்டுக்காரன். நாளை வந்தாலும் அவன்தான் வருவான். பிறகு இந்தப் பன்னாட்டு ஒத்துழைப்பு எதற்கு?"

நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2004-இல் அரசுப் பள்ளி ஆசிரியை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இன்று காலை ஊர்ப் பெண்களோடு கடற்கரைக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கொழுந்தனாரின் மகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவர், அதற்கு முந்தின மாதம்வரை வலைத் தகராறில் எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தவர். ஆனால் அவர் இழுத்தது தண்ணீர் ஊருக்குள் வந்த பிறகு. வருவதற்கு முன்னால் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6.28-க்கு. அந்தப் பிளவு வடக்கு நோக்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 6.44-க்குத் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றும் பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அதில் இருந்தது. 7.34-க்கு வந்த இரண்டாம் அறிக்கை அளவை 8.5 என்று உயர்த்தியது. உண்மை அளவு 9-ஐத் தாண்டியது என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடும் அலை ஒன்பது மணியை ஒட்டி எங்கள் கரையில் ஏறியது. அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணி மணலில் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்தது. எங்கள் கரையில் பெண்கள் கூடையோடு படகுக்காகக் காத்திருந்தார்கள்.

ஹவாயில் பணியில் இருந்தவர்கள் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரை அழைப்பது என்று அவர்களிடம் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அவர்கள் அழைத்தாலும் எடுத்துக் கரைக்குச் சொல்ல இந்தப் பக்கத்தில் ஆளும் இருக்கவில்லை. பசிபிக்கில் அந்த ஏற்பாடு இருந்தது. 1946-இல் அலூசியன் தீவுகளில் நிலம் நடுங்கி ஹவாயின் ஹிலோ நகரம் அழிந்தபின் 1949-இல் மையம் தொடங்கினார்கள். 1960-இல் சிலி நாட்டில் நிலம் நடுங்கி, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஜப்பானியக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், 1965-இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் பல நாடுகள் கூட்டாக அதை நடத்தத் தொடங்கின. சிலியில் நடுங்கியதைச் சிலி சொன்னால்தான் ஜப்பானுக்குத் தெரியும். அந்த ஏற்பாடு நம் கடலில் இல்லாததற்கு நாங்கள் கொடுத்த விலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள். 14 நாடுகளில் ஏறத்தாழ 2,27,000 உயிர்கள்.

27 டிசம்பர் 2024

நேற்று நான் எழுதியதைப் படித்துவிட்டுப் புதுச்சேரி நண்பர் ஒருவர், "அன்று எச்சரிக்கையே வரவில்லை என்பது போல எழுதிவிட்டீர்களே, நல்லவாட்டை மறந்துவிட்டீர்களா" என்று கேட்டிருக்கிறார். மறந்துதான் போனேன். அது மறக்கக் கூடாத விஷயம்.

நல்லவாடு புதுச்சேரிக் கரையில் உள்ள மீனவக் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் அன்று சிங்கப்பூரில் இருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே எல்லோரையும் ஓடச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. கடல் நிலவரத்தையும் மீன் விலையையும் நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொல்வதற்காக அங்கே ஒரு கருவி இருந்தது. ஊரார் அந்த மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிரோடு தப்பியது.

இதை வைத்துக் கேள்வி கேட்டவர், "பார்த்தீர்களா, சொந்தக்காரர்தான் காப்பாற்றினார், ஐ.நா. அல்ல" என்பார். உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியும் கடல் கடந்து, வேறொரு நாட்டிலிருந்துதான் வந்தது. வந்த செய்தியை வாங்கி ஊர் முழுவதற்கும் ஐந்து நிமிடத்தில் சொல்ல நாள்தோறும் புழங்கிவந்த ஒரு கருவி அங்கே இருந்தது. எங்கள் ஊரிலும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். எங்களுக்கு ஒலிபெருக்கி இருக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குத்தான் எடுப்போம்.

29 டிசம்பர் 2024

எச்சரிக்கையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், நிவாரணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு அதில் நேரடி அனுபவம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி நாற்பது நாள்கள் முகாமாக இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், வந்து இறங்கிய வெளிநாட்டுக் குழுக்களுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் இடையே மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வாரம் வந்தவர்களில் பலர் உண்மையிலேயே உழைத்தார்கள். குடிநீருக்குக் குளோரின் கலக்கும் முறையை ஒருவர் தரையில் உட்கார்ந்து, எங்கள் சமையற்காரப் பெண்களுக்குப் படம் வரைந்து சொல்லிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வேறு மாதிரி ஆயிற்று. ஒரே குடும்பத்திடம் காலையில் ஒரு குழுவும் மதியம் ஒரு குழுவும் மாலையில் இன்னொரு குழுவும் வந்து ஒரே கேள்விகளைக் கேட்டன: எத்தனை பேர் இறந்தார்கள், என்ன வேண்டும், படகு போயிற்றா. கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒரு பெண் நான்காவது முறை கேட்டபோது எழுந்து போய் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மொழிபெயர்த்தது நான். அதற்குப் பிறகு, முன்னால் கேட்ட விவரத்தைப் பகிர்ந்துகொள்ளாத எந்தக் குழுவுக்கும் மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியர் என்னைக் கடிந்துகொண்டார். நான் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

துணி மூட்டைகள் லாரி லாரியாக வந்து இறங்கின. மார்கழியிலும் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத எங்கள் ஊருக்குக் கம்பளிக் கோட்டுகள் வந்தன. கிழிந்த துணிகள் சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து நாறின. ஒரு பெட்டி நிறைய மருந்துகள் வந்தன. அட்டையில் இருந்த எழுத்து எங்கள் மருத்துவ முகாமில் இருந்த ஒருவருக்கும் படிக்கத் தெரியாததால் கடைசியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். தற்காலிகக் குடியிருப்புக்குத் தார் அட்டையில் கொட்டகை போட்டார்கள். சித்திரையில் அதற்குள் குழந்தையைப் படுக்க வைக்க முடியாது, பெண்கள் பகல் முழுவதும் கொட்டகையின் நிழலில், வெளியேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஃபைபர் படகுகளை எல்லோரும் கொடுத்தார்கள், ஏனென்றால் படகைப் படம் எடுக்கலாம். மீன் கூடையும் தராசும் இழந்த, தலைச்சுமையாக மீன் விற்று வாழ்ந்த விதவைகளைப் பற்றி முதல் மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

உதவி நிறுவனங்கள் தாங்களே கூடி நடத்திய ஒரு பெரிய மதிப்பீடு 2006-இல் வெளிவந்தது. முதல் நாள்களில் பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றியவர்கள் உள்ளூர் மக்கள்தாம் என்றும், வெளியிலிருந்து வந்தவர்கள் அவர்களுடைய திறமையை ஓரங்கட்டிவிட்டார்கள் என்றும் அது வெளிப்படையாக எழுதியது. இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 7,100 டாலருக்கு மேல் பணம் வந்தது. அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 3 டாலர். எங்கள் துயரம் தொலைக்காட்சியில் ஓடியது, அவர்களுடையது ஓடவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கேள்வி கேட்டவரின் கோபத்தில் பாதியை நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான்.

2 ஜனவரி 2025

"இந்தியா அன்று வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டதே, நீங்கள் எந்த வெளிநாட்டுக் குழுவைச் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயமே, நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை இந்திய அரசு ஏற்கவில்லை. தொண்டு நிறுவனங்கள் வந்தன. மறுகட்டுமானத்துக்கு உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் பணம் பெறப்பட்டது. பள்ளியில் சோறு போதாமல் நின்றபோது அந்த மறுப்பைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் அதே நாள்களில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. இலங்கைக்குப் போன பணிக்கு ரெயின்போ என்று பெயர். அலை அடித்த மறுநாளுக்குள் அங்கே உதவி போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கையில் 35,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். தன் கரையில் பிணம் எடுத்து முடியாத நாடு, பக்கத்துக் கரைக்குக் கப்பல் அனுப்பியது என்பதை நான் தெரிந்துகொண்டபோது ஆத்திரம் தணிந்துவிட்டது. முழுவதும் தணிந்ததா என்றால் இல்லை.

5 ஜனவரி 2025

இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியின் உயிர்நாடி அதுதான்.

2005-இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இந்தியப் பெருங்கடலுக்கென ஒரு கூட்டு எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. இதில் 28 நாடுகள் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் ஹவாயும் ஜப்பானும்தான் நமக்குத் தற்காலிகமாக அறிக்கை கொடுத்தன. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தின் வளாகத்தில் இந்தியாவின் மையம் செயல்படத் தொடங்கியது. 2011-இலிருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாட்டு மையங்களும் கடல் முழுமைக்கும் அறிக்கை கொடுத்தன. 2013-இல் ஹவாயும் ஜப்பானும் விலகிக்கொள்ள, முழுப் பொறுப்பும் இவற்றிடம் வந்தது. ஏன் மூன்று என்றால், ஒன்று தடுமாறினாலும் மற்ற இரண்டும் இருக்கும். எந்த நாட்டுக் கருவி அதிர்வைப் பதிவு செய்தாலும் அது மூன்று மையங்களுக்கும் போக வேண்டும். முதல் அறிக்கை நிலநடுக்க அளவை வைத்து வரும். அதன்பின் கடலடியில் வைத்த அழுத்தமானி, மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்திலிருந்தே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் உணர்ந்து, மேலே மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அலை உண்மையிலேயே எழுந்ததா என்று அப்போதுதான் உறுதியாகும்.

இது ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு என் கண்முன் நடந்த சாட்சி 11 ஏப்ரல் 2012. புதன்கிழமை, தேர்வு நேரம். பிற்பகல் இரண்டு மணி கடந்து எட்டு நிமிடத்துக்குச் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. ஆசிரியர் அறையில் மேசை மேல் இருந்த சொம்பு நீர் வட்டமிட்டு ஆடியதை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கணக்கு ஆசிரியர் முகம் வெளிறிப் போய், "டீச்சர், பிள்ளைகள்" என்று மட்டும் சொன்னார். எட்டாவது நிமிடத்தில் ஹைதராபாத் மையம் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மேற்கே மெயின்ரோடு நோக்கி நடத்தினோம். என் மாமியார் ரேஷன் அட்டையையும் வாக்காளர் அட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மாலையில் எச்சரிக்கையை விலக்கினார்கள். அன்று நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை.

2004-இல் இரண்டு மணி நேரம் வாய் பேசாமல் இருந்த கடல், 2012-இல் எட்டு நிமிடத்தில் பேசியது. இதைத்தான் பன்னாட்டு ஒத்துழைப்பு என்று நான் சொல்கிறேன்.

6 ஜனவரி 2025

நேற்று எழுதியதைக் கொழுந்தனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு திருத்தம் சொன்னார், அது சரியான திருத்தம். அன்று எங்கள் ஊர் கிளம்பியது ஹைதராபாத் அறிக்கையால் அல்ல. தொலைக்காட்சியில் ஓடிய வரியைப் பார்த்தவர்களும், சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த அழைப்புகளும், ஆடிய சொம்பும்தான் ஊரைக் கிளப்பின. அரசு வண்டி ஒலிபெருக்கியோடு வந்தபோது நாங்கள் மெயின்ரோட்டில் நின்றுகொண்டிருந்தோம். ஆக, எட்டு நிமிடம் என்பது நிலம் நடுங்கியதிலிருந்து ஹைதராபாத் அறிக்கை வெளிவரும் வரைக்கும் உள்ள கணக்கு. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்பதை அன்று ஒருவரும் அளக்கவில்லை. என் முந்தின குறிப்பின் கடைசி வாக்கியங்களை இந்தத் திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

இலங்கையின் கல்முனையிலிருந்து ஒருவர் எழுதி, 2004 அலையில் சிக்கிய பெரலிய ரயிலை நினைவுபடுத்தியிருக்கிறார். கொழும்பிலிருந்து தெற்கே போன அந்த ரயிலை நிறுத்தச் சொல்லித் தலைமையகத்தில் இருந்தவர்கள் அம்பலாங்கொடை நிலையத்துக்கு அழைத்தார்கள். நிலைய ஊழியர்கள் ரயிலருகே வேலையில் இருந்ததால் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு ரயிலில் இறந்தார்கள். செய்தி கடைசி நிலையம் வரை வந்து, மணி அடித்து, ஓய்ந்திருக்கிறது.

19 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து வலுவான ஓர் எதிர்வாதம் வைத்திருக்கிறார்: "கருவிகள் இருந்தும் 2018-இல் இந்தோனேசியாவில் ஆயிரக்கணக்கில் இறந்தார்களே?"

இதற்கு இரண்டு வாரம் யோசித்தேன். அவர் சொல்வது உண்மை. 2018 செப்டம்பரில் பாலு நகரில் நிலநடுக்கத்திலும் அலையிலும் 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இந்தோனேசியாவின் மிதவைகள் பல ஆண்டுகளாகச் செயலிழந்து கிடந்தன. வாங்கும்போது பல நாடுகள் உதவின. பராமரிக்கும் பணம் பிறகு கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அனக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்து அலை எழுந்தபோது, பெரிய நிலநடுக்கம் இல்லாததால் எச்சரிக்கையே எழவில்லை. 400-க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

அவர் சொல்லாத ஒன்றை நான் அவர் பக்கத்தில் சேர்க்கிறேன். 2004-இல் அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்தது சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெயுலுவே தீவு. பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. எந்த மையமும் அவர்களுக்கு உதவியிருக்க முடியாது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் அலைக்கு இறந்தவர்கள் 7 பேர். 1907-இல் பேரலை வந்து பாட்டன் பாட்டிமார் மாண்ட கதையை "ஸ்மோங்" என்ற ஒரே சொல்லில் வைத்து, தாலாட்டிலும் பாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. அன்று எங்கள் கரையிலும் கடல் உள்வாங்கியது. எங்கள் பிள்ளைகள் துள்ளும் மீனைப் பொறுக்க அதன் பின்னால் ஓடினார்கள். எங்களிடம் அப்படியொரு சொல் இல்லை.

ஆனால் சிமெயுலுவே மக்களுக்குப் பத்து நிமிடம். நமக்கு இரண்டு மணி நேரம். நம் கரையில் நிலம் ஆடியதை உணராதவர்களே மிகுதி. நமக்கு வரும் செய்தி வேறு நாட்டின் கடலில்தான் பிறக்கிறது. ஸ்மோங் அவர்களுக்குப் போதும், நமக்குப் போதாது. நமக்கு அவர்களுடைய கருவியும் வேண்டும்.

மிதவையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடலில் உள்ள மிதவைகளை மீனவர்கள் சேதப்படுத்துகிறார்கள் என்று ஒருவர் குறைபட்டிருந்தார். கொழுந்தனார் ஒளிக்காமல் சொன்னார்: மிதவைக்கு அடியில் நிழல் இருக்கும், நிழலில் மீன் கூடும், படகைக் கட்டிப் போட்டுத் தூண்டில் இறக்குவது வழக்கம். அது சுனாமி மிதவை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. பிற்பாடு ஒரு கூட்டத்தில் அதிகாரிகள் படம் காட்டி விளக்கியதிலிருந்து அவர் கட்டுவதில்லை. 2004-இல் இரண்டு பேரைப் பறிகொடுத்தவர் அவர்.

6 ஏப்ரல் 2025

மியான்மரில் மார்ச் 28-ஆம் தேதி 7.7 அளவில் நிலம் நடுங்கியதால் இந்தப் பேச்சு மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. இந்தியா பிரம்மா என்ற பெயரில் மீட்புக் குழுவையும், மண்டலேயில் கள மருத்துவமனையையும் அனுப்பியிருக்கிறது. இடிபாட்டுக்குள் தேடும் பன்னாட்டுக் குழுக்கள் ஒரே அளவுகோலில், ஒரே குறியீட்டில் வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 1988-இல் ஆர்மீனிய நிலநடுக்கத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு 1991-இல் வந்தது. ஒரு குழு தேடி முடித்த சுவரில் அடையாளம் போடுகிறது. வேறு மொழி பேசும் அடுத்த குழு அதைப் படித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. எங்கள் பள்ளி முகாமில் நான்கு முறை கேள்வி கேட்கப்பட்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டவருக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் வங்கதேசம். 1970-இல் போலா புயலில் அங்கே மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 1972-இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டு உதவியோடு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். புயலைக் கண்டுபிடித்துச் சொல்வது பல நாடுகளின் வானிலை மையங்கள். வங்காள விரிகுடாவுக்கும் அரபிக் கடலுக்கும் புதுதில்லி மையம்தான் 13 நாடுகளுக்கு அறிக்கை கொடுக்கிறது. ஆனால் வங்கதேசக் கிராமத்தில் அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு கொடி ஏற்றுபவர், கைச்சைரனைச் சுற்றுபவர், கிழவியைக் கைபிடித்து நடத்துபவர் அந்த ஊர்த் தொண்டர். இன்று அப்படி 76,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். 2020-இல் அம்பன் புயலுக்கு முன் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரை நகர்த்தினார்கள். அண்டை வீட்டுக்காரரைப் பன்னாட்டு ஏற்பாட்டின் கடைசிக் கண்ணியாக ஆக்கிவிட்டார்கள். அவருக்குப் பயிற்சியும் சைரனும் மழைக்கோட்டும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் துறைமுகக் கம்பத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று கிழவர்களுக்கெல்லாம் தெரியும். சுனாமிக்கு அப்படியொரு பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஒடிசாவில் வந்திருக்கிறது: வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கடற்கரை ஊர்களுக்கு 2020-இல் யுனெஸ்கோ ஆணையம் சுனாமி ஆயத்த ஊர் என்ற அங்கீகாரம் கொடுத்தது. தப்பும் வழியை வரைந்து, பலகை வைத்து, ஒத்திகை பார்த்தால்தான் அது கிடைக்கும்.

31 ஜூலை 2025

நேற்று விடிகாலை நம் நேரப்படி ஐந்து மணியை ஒட்டி ரஷ்யாவின் கம்சாட்கா கரையில் 8.8 அளவில் நிலம் நடுங்கியது. தொலைக்காட்சியை நாள் முழுவதும் அணைக்கவில்லை. செவெரோ-குரில்ஸ்க் என்ற சிறு நகரத்தின் துறைமுகத்தில் தண்ணீர் ஏறியதைக் காட்டினார்கள். மக்கள் முன்னமே மேட்டில் இருந்தார்கள். ஜப்பானில் ஏறத்தாழ இருபது லட்சம் பேரை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஹவாயில், சிலியில், கரையெல்லாம் காலியாயிற்று. இந்தியக் கரைக்கு ஆபத்தில்லை என்று ஹைதராபாத் மையமும் காலையிலேயே சொல்லிவிட்டது.

அதே செவெரோ-குரில்ஸ்க் 1952 நவம்பரில் இதே கரையில் எழுந்த 9.0 நிலநடுக்கத்தின் அலையில் அழிந்த நகரம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோவியத் அரசு அதை வெளியே சொல்லவில்லை. பல ஆண்டுகள் மூடி வைத்தார்கள். இன்று உலகத்தில் எத்தனை பகை இருந்தாலும், அந்தக் கடலடி அதிர்வை ரஷ்யக் கருவியும் ஜப்பானியக் கருவியும் அமெரிக்கக் கருவியும் ஒரே நேரத்தில் படித்துப் பகிர்ந்துகொண்டன. கேள்வி கேட்டவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

நேற்று மாலை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய், நம் ஊர் ஒலிபெருக்கி எங்கே என்று கேட்டேன். சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. கோயில் பின்பக்க அறையில், பழைய வலை மூட்டைக்குக் கீழே இருந்தது. பேட்டரி உப்பிப் போயிருந்தது. கம்பி முனை பச்சை பூத்திருந்தது. யாரும் தவறு செய்யவில்லை. இருபது ஆண்டுகளில் அதைத் தொடவேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். நல்லவாட்டுக் கருவி நாள்தோறும் மீன் விலை சொன்னது.

9 ஆகஸ்ட் 2025

புதுப் பேட்டரி வாங்கியாயிற்று. ஓய்வூதியத்தில் நான் பாதி, பஞ்சாயத்தார் பாதி. வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு மறுநாள் கடல் நிலவரத்தை வாசிப்பது என்று முடிவாயிற்று. இன்காய்ஸ் நாள்தோறும் அலை உயரமும் காற்றும் வெளியிடுகிறது. அதைக் கைபேசியில் பார்த்து, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கியில் வாசிப்பாள். நேற்று முதல் வாசிப்பு. குழாய் ஒலிபெருக்கி கோயில் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது. வடக்குத் தெரு, நடுத்தெரு, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. தெற்குத் தெருவில் கொழுந்தனார் வீட்டுத் திண்ணையில் என் ஓரகத்தியை உட்கார வைத்திருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை. தென்காற்று எதிர்த்து வீசுகிறது, நடுவில் ஐஸ் உடைக்கும் எந்திரச் சத்தம் வேறு. 2004-இல் எங்கள் ஊரில் அதிகம் பேர் இறந்தது தெற்குத் தெருவில்.

16 ஆகஸ்ட் 2025

நேற்றைய கிராம சபையில் இரண்டாவது குழாய் ஒலிபெருக்கிக்கு மனு கொடுத்தோம். தீர்மானத்தில் ஏறியிருக்கிறது, பணம் எப்போது என்று தெரியவில்லை. அதுவரைக்கும் ஓரகத்தியின் பேரன் ஆறு மணிக்குச் சைக்கிளில் கோயிலுக்கு வந்து, வாசித்ததைக் கேட்டுக்கொண்டு போய்த் தெற்குத் தெருவில் வாயால் சொல்கிறான். நேற்று அவனுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.